பெயர் சொல்லி ஊற்றுங்கள்: கறுப்பினக் கலைக்கும் மதுவுக்கும் வீட்டில் ஒரு மாலை

அமெரிக்காவின் நாஷ்வில்லுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, கறுப்பினக் கலைஞர்களையும் கறுப்பினத்தவர் நடத்தும் மது நிறுவனங்களையும் கொண்டாட ஒரு மாலை விருந்து வைத்தேன். மேசை நடுவில் ஒரு பாட்டில். அதன் விளம்பரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கறுப்பின நட்சத்திரம் ஒருவர் வருவார். அதனால் கம்பெனியும் அவருடையதுதான் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். வந்தவர்களில் ஒருவர், அட்லாண்டாவில் வளர்ந்தவர், பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படித்தார். மெதுவாகக் கீழே வைத்தார். "முகம் எங்க ஆள். பணம் போற இடம் வேற" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பாட்டிலை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் நான்கு முறை வைத்தாகிவிட்டது. புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். நான் இருப்பது டென்னசி என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. சிகாகோவிலோ ஹூஸ்டனிலோ இருப்பவர்கள் தங்கள் ஊர்க்காரர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் தேதி

பெரும்பாலோர் பிப்ரவரியைப் பிடிப்பார்கள், அது கறுப்பின வரலாற்று மாதம். இல்லையென்றால் ஜூன் 19. 1865இல் அந்த நாளில்தான் டெக்சாஸின் கால்வஸ்டனில், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள் என்ற ஆணை படிக்கப்பட்டது. லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டு இரண்டரை வருடம் கழித்து! 2021இலிருந்து அது நாடு முழுவதற்கும் விடுமுறை.

இரண்டுமே நல்ல தேதிகள்தான். ஆனால் அந்த வாரங்களில் எல்லா அலுவலகமும் எல்லாப் பள்ளியும் கறுப்பினக் கலைஞர்களைக் கூப்பிடும். மார்ச்சில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் நான் அக்டோபர் முதல் வாரத்துக்கு மாறிவிட்டேன். இந்த ஊர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் அக்டோபர் 6 ஜூபிலி நாள். 1871இல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கல்லூரியைக் காப்பாற்ற ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் சேர்க்கக் கிளம்பிய நாள் அது. அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் என்ற பெயரில் அந்தக் குழு இன்றும் பாடுகிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தேதி கண்டிப்பாக இருக்கும்.

பாட்டில்கள்: மூன்று போதும்

பன்னிரண்டு பேருக்கு ஏழெட்டு வகை வாங்கி அடுக்க வேண்டாம். மூன்றாவதைத் தாண்டினால் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, கதையும் யாருக்கும் நினைவிருக்காது.

டென்னசியில் இருந்துகொண்டு நான் தொடங்குவது நியரெஸ்ட் கிரீன் பெயரில்தான். முழுப்பெயர் நேதன் கிரீன். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் லிஞ்ச்பர்க். அங்கே டான் கால் என்ற போதகர் ஒருவரின் பண்ணை இருந்தது, அதில் சாராயம் காய்ச்சும் இடமும் இருந்தது. அடிமையாக வைக்கப்பட்டிருந்த நியரெஸ்ட்தான் அங்கே காய்ச்சுபவர். பண்ணையில் எடுபிடி வேலைக்கு வந்த ஒரு பையனுக்கு அவர் தொழில் கற்றுக்கொடுத்தார். அந்தப் பையன் பெயர் ஜாக் டேனியல். உள்நாட்டுப் போர் முடிந்து ஜாக் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது அவருடைய முதல் தலைமை வடிப்பாளர் நியரெஸ்ட் கிரீன். பாட்டிலில் ஒரு பெயர் உலகம் சுற்றியது, இன்னொரு பெயர் லிஞ்ச்பர்க் குடும்பங்களின் பேச்சிலேயே தங்கிவிட்டது. 2016இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியதற்கு அப்புறம்தான் வெளியுலகம் கவனித்தது.

அதைப் படித்துவிட்டுக் கிளம்பி வந்தவர் ஃபான் வீவர். 2017இல் அங்கிள் நியரெஸ்ட் என்ற விஸ்கியைக் கொண்டுவந்தார். நியரெஸ்டின் எள்ளுப்பேத்தி விக்டோரியா ஈடி பட்லர் அதன் மாஸ்டர் பிளெண்டர், அதாவது எந்தப் பீப்பாய்ச் சரக்கை எதோடு கலப்பது என்று முடிவுசெய்பவர், ஆனார். ஷெல்பிவில்லில் உள்ள வடிசாலை நாஷ்வில்லிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்.

விருந்தில் இதைச் சொல்லும்போது கரியையும் பற்றிச் சொல்லுங்கள். டென்னசி விஸ்கியைப் பக்கத்து மாநிலமான கென்டக்கியின் போர்பன் விஸ்கியிலிருந்து பிரிப்பது அதுதான். சுகர் மேப்பிள் மரத்தை எரித்துக் கரியாக்கி, உயரமான தொட்டியில் நிரப்பி, காய்ச்சி எடுத்ததைப் பீப்பாய்க்குப் போகும் முன் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். லிங்கன் கவுண்டி முறை என்று பெயர். நான் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு துண்டு மரக்கரி போட்டு பாட்டில் பக்கத்தில் வைப்பேன். எடுத்து முகர்ந்து பார்த்து, விரலைக் கறுப்பாக்கிக்கொண்டு, அப்புறம் கிளாஸை முகர்வார்கள். ஐந்து நிமிடப் பேச்சில் புரியாதது அந்த ஒரு விரலில் புரிந்துவிடும். பார்பிக்யூவுக்கு விற்கும் எண்ணெய் தடவிய கரியை மட்டும் வைத்துவிடாதீர்கள், மண்ணெண்ணெய் வாடைதான் வரும்.

வாங்கும் முன் யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். போன வருடம் பார்த்தேனே என்பது போதாது. அங்கிள் நியரெஸ்ட் விஷயத்திலேயே, கடன் கொடுத்த நிறுவனம் தொடுத்த வழக்கில் 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் நிர்வாகப் பொறுப்புக்கு வெளியாள் ஒருவரை நியமித்தது. இதனால் நியரெஸ்ட் கிரீன் கதை மாறிவிடாது. ஆனால் விருந்தில் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற பாட்டில்களுக்கும் இதே வேலைதான். பின்பக்கம் 'டிஸ்டில்டு பை', 'பாட்டில்டு பை' என்று சின்ன எழுத்தில் பெயரும் ஊரும் இருக்கும். அந்தப் பெயரைப் போனில் தேடினால் முதலாளி யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேறு வடிசாலையின் சரக்கை வாங்கிக் கலந்து விற்பது சின்னக் கம்பெனிகளில் சகஜம், அதில் தப்பில்லை. நீங்கள் தேடுவது முதலாளி யார் என்பதை.

இரண்டாவது பாட்டிலுக்கு மினியாபொலிஸின் டு நோர்ட். கிறிஸ் மொன்டானாவும் ஷனெல் மொன்டானாவும் 2013இல் தொடங்கியது. 2020 மே மாதம், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்டதை ஒட்டி நகரம் கொந்தளித்தபோது இவர்களின் கிடங்கும் நெருப்பில் சேதமானது. அந்தக் கிடங்கையே அக்கம்பக்கத்தாருக்கு உணவுப் பொருள் கொடுக்கும் இடமாக மாற்றினார்கள். இவர்களுடைய வோட்காவை டெல்டா விமானங்களில் கொடுத்ததால் சிலருக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

மூன்றாவது ரம். எக்வியானோ என்று ஒன்று வருகிறது, லண்டன்காரர் இயன் பர்ரல் சேர்ந்து தொடங்கியது. ஒலவுடா எக்வியானோ சிறு வயதில் கடத்தி விற்கப்பட்டவர். சில்லறை வியாபாரம் செய்து 40 பவுண்டு சேர்த்து 1766இல் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கினார். இந்த ரம் பார்படோஸ் சரக்கும் மொரீஷியஸ் சரக்கும் கலந்தது. மொரீஷியஸ் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1835இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் அதே கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் ஆட்களும் உண்டு. இதை விருந்தில் நீட்டி முழக்க வேண்டாம், அன்றைய மாலை நம் கதைக்கானதல்ல. யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

கடை விஷயம் ஒன்று. டென்னசியில் மளிகைக் கடையில் ஒயின், பியர் கிடைக்கும், விஸ்கி கிடைக்காது, அதற்கு மதுக்கடைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் தயாரிப்பவர் நேரே கடைக்கு விற்பதும் பெரும்பாலும் கிடையாது, நடுவில் விநியோகஸ்தர் ஒருவர் இருப்பார். அவர் எடுக்காத பிராண்டு அந்த மாநிலக் கடைக்கு வராது. அதனால் மூன்று வாரம் முன்பே கடைக்காரரிடம் பெயரை எழுதிக் கொடுத்து வரவழைக்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் வேறு பிராண்டு பார்க்க நேரம் இருக்கும்.

எவ்வளவு ஊற்றுவது

சுவைத்துப் பார்க்க ஒருவருக்கு 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. மூன்று வகைக்கு 45 மில்லி ஆகிறது. அமெரிக்கக் கணக்கில் 40 சதவீத மதுவில் 44 மில்லிதான் ஒரு முழு டிரிங்க். ஆக, சுவை பார்த்து முடிக்கும்போதே ஒரு டிரிங்க் உள்ளே போயிருக்கும். பன்னிரண்டு பேருக்கு ஒரு பாட்டிலில் 180 மில்லிதான் செலவாகும், 750 மில்லி பாட்டிலில் நிறைய மிச்சம் இருக்கும். வோட்கா, ரம், விஸ்கி என்ற வரிசையில் போங்கள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு ஒன்று. ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் விஸ்கியின் வாசனை எழும்பும், ஐஸ் போட்டால் அமுங்கிவிடும்.

அப்புறம் ஆளுக்கு ஒரு காக்டெயில். நான் ஜூலெப் செய்வேன், புதினா போட்ட விஸ்கி அது. அதைப் பெயர்பெறச் செய்தவர்களில் கறுப்பின மதுக்கூடக் கலைஞர்கள் முக்கியமானவர்கள். லூயிவில்லில் பிறந்த டாம் புல்லக் 1917இல் காக்டெயில் செய்முறை நூலே வெளியிட்டார். விஸ்கி 60 மில்லி, சர்க்கரைப் பாகு 15 மில்லி, எட்டுப் பத்துப் புதினா இலை, கிளாஸ் நிறையப் பொடித்த ஐஸ். புதினாவைத் துவையலுக்கு இடிப்பது மாதிரி இடித்தால் கசந்துவிடும், கரண்டியால் லேசாக அழுத்தினால் போதும். ஐஸ் பொடிக்க மெஷின் எதுவும் தேவையில்லை. துண்டில் சுற்றிப் பூரிக்கட்டையால் நாலு போடு போடுங்கள்.

இதற்கு மேல் நான் ஊற்றுவதில்லை. டிக்கெட் போட்டோ, உள்ளே வரக் காசு வாங்கியோ மது கொடுத்தால் அது விற்பனை, உரிமம் வேண்டும். செலவைப் பகிர நினைத்தால் சாப்பாட்டைப் பகிரச் சொல்லுங்கள். 21 வயதுக்குக் கீழே யாருக்கும் கிடையாது. காரில் வந்தவர்கள் எப்படித் திரும்பப் போகிறார்கள் என்று வரும்போதே கேட்டுவிடுங்கள். போகும்போது கேட்டால் எல்லாரும் "ஐ ஆம் ஃபைன்" என்றுதான் சொல்வார்கள்.

குடிக்காதவர்களுக்குச் சிவப்பு

நம் வீட்டு விருந்தில் பாதிப் பேர் குடிக்காதவர்கள். அவர்கள் கையில் கோக் டின்னைக் கொடுத்து மூலையில் உட்கார வைப்பது சரியில்லை. ஜூன் 19 கொண்டாட்டத்தில் சிவப்பு நிறப் பானம் மரபு. மேற்கு ஆப்பிரிக்காவில் செம்பருத்தி வகைச் செடி ஒன்றின் சிவந்த புல்லிவட்டத்தைக் காயவைத்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். செனகலில் பிஸாப், நைஜீரியாவில் ஸோபோ, ஜமைக்காவில் சாரல் என்று பெயர், அங்கே கிறிஸ்துமஸுக்கு அது இல்லாமல் இருக்காது. செடி வேறெதுவும் இல்லை, நம் புளிச்சக்கீரைச் சாதிதான். நாம் இலையைக் கடைந்து சாப்பிடுகிறோம், அவர்கள் பூவின் கீழ்ப்பகுதியைக் குடிக்கிறார்கள்.

மெக்சிகன் கடையில் ஹமைக்கா என்று கேட்டால் பையில் கிடைக்கும். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் காய்ந்த பூ, தட்டிய இஞ்சி ஒரு பெரிய துண்டு, கிராம்பு ஆறு, பட்டை ஒன்று. தண்ணீர் கொதித்ததும் போட்டு ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். முதல் நிமிடத்தில் தண்ணீர் ரோஸ் நிறம், மூன்றாவது நிமிடத்தில் பீட்ரூட், ராத்திரி முழுக்க ஊறினால் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். காலையில் வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, ருசி பார்த்துத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். வெள்ளை மேசைவிரிப்பு வேண்டாம். என் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய விரிப்பில் இன்னும் ஒரு கறை இருக்கிறது.

இதே பானத்தை மதுவாகவும் கொண்டுவந்திருக்கிறார் புரூக்ளினின் ஜாக்கி சம்மர்ஸ். சாரல் என்பதை ஒட்டி சொரெல் என்று பெயர். ரம்முக்குப் பதில் அதையும் மூன்றாவது பாட்டிலாக வைக்கலாம். குடிப்பவர் கையிலும் குடிக்காதவர் கையிலும் ஒரே நிறம் இருக்கும்.

சுவரில் என்ன மாட்டுவது

பல பேர் சறுக்குவது இங்கேதான். கூகுளில் படம் எடுத்து ஆபீஸ் பிரிண்டரில் அச்சடித்து ஒட்டிவிட்டு "கறுப்பினக் கலை" என்பார்கள். அதைவிட ஒரே ஒரு அசல் படம் மேல்.

மறைந்தவர் ஒருவர், இருப்பவர் ஒருவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்தவருக்குப் படம் மாட்டத் தேவையில்லை, விருந்துக்கு முன் நீங்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும். நாஷ்வில்லில் எனக்கு அது வில்லியம் எட்மன்ட்சன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவர். வேலை போன பிறகு, ஐம்பது வயதைத் தாண்டித்தான் கல்லைச் செதுக்க ஆரம்பித்தார். இடித்த கட்டடங்களில் கிடந்த சுண்ணாம்புக்கல்தான் கல், ரயில் தண்டவாள ஆணிதான் உளி. வீட்டு முற்றத்தில் கல்லறைக் கல் விற்பனைக்கு என்று பலகை வைத்திருந்தார். 1937இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். 1951இல் இறந்தார். ஊராருக்கெல்லாம் கல்லறைக் கல் செதுக்கியவரின் புதைகுழிக்கு அடையாளக் கல் வைக்கப்படவில்லை. அவர் சிற்பங்களை இங்கே சீக்வுட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஃபிஸ்க்கில் ஆரன் டக்ளஸ் 1930இல் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. கலைத்துறையை அங்கே கட்டியெழுப்பியவரும் அவரே.

இருப்பவருக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். ஓவியம் கைக்கு எட்டாவிட்டால் அச்சுப் பிரதி. லினோகட், ஸ்க்ரீன் பிரிண்ட் போன்றவற்றில் கீழே பென்சிலால் 12/50 என்று எழுதியிருக்கும், மொத்தம் ஐம்பது எடுத்ததில் இது பன்னிரண்டாவது என்று பொருள். பக்கத்தில் கையெழுத்து. இரண்டும் இல்லையென்றால் அது போஸ்டர். போஸ்டரும் வாங்கலாம், விலை மட்டும் போஸ்டர் விலையாக இருக்கட்டும். கல்லூரி மாணவர் கண்காட்சிகளிலும் கலைக்கூடங்களைச் சுற்றிவரும் மாதாந்திரக் கலை நடையிலும் கலைஞரிடமே நேரே வாங்க முடியும்.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வரட்டும், நிற்பவர் கண்ணுக்கு நேராக இருக்கும். நம்மவர்கள் சாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிடுகிறோம். பக்கத்தில் சின்ன அட்டை: பெயர், வருடம், எதில் செய்தது. மூன்றே வரி, ஆனால் எழுத்துப்பிழை கூடாது.

கலைஞரையே கூப்பிட நினைத்தால், பேசுவதற்கு எவ்வளவு கட்டணம் என்று முதல் மெயிலிலேயே கேளுங்கள். நம் சங்க விழாக்களில் பொன்னாடை போர்த்தி ஷீல்டு கொடுத்து அனுப்பும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். பணத்தை உறையில் போட்டு வந்தவுடனே கொடுத்துவிடுங்கள். கடைசிவரை அதை எதிர்பார்த்துக்கொண்டு யாராலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

அன்றைக்கு

ஆறரைக்கு வரச் சொல்லுங்கள், ஏழேகாலுக்கு எல்லாரும் வந்திருப்பார்கள். அதுவரை சிவப்புப் பானமும் வறுத்த வேர்க்கடலையும். பாட்டு மெதுவாக ஓடட்டும். இந்த ஊர் என்றால் டிஃபோர்ட் பெய்லியின் மவுத் ஆர்கன். ரயில் வருவதை அப்படியே ஊதுவார். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியின் முதல் கறுப்பின நட்சத்திரம். 1941இல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள், அப்புறம் காலணிக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல், இறந்து 23 வருடம் கழித்து.

ஏழரைக்குச் சுவைத்தல். ஊற்றும்போது பெயரைச் சொல்லி ஊற்றுங்கள், அவ்வளவுதான் சடங்கு. ஒரு பாட்டிலுக்கு இரண்டு நிமிடம். நான் முதல் முறை இருபது நிமிடம் பேசினேன், ஒருவர் தூங்கியே விட்டார்.

காரமான சாப்பாட்டை எட்டரைக்கு மேல் எடுங்கள். நாஷ்வில்லின் ஹாட் சிக்கனும் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கண்டுபிடிப்பு. தார்ன்டன் பிரின்ஸ் இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வந்த கோபத்தில் காதலி கோழியில் மிளகாயைக் கொட்டிவிட, அவர் அதை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடையே வைத்தார் என்று கதை சொல்வார்கள். நம் நாக்குக்கே அது காரம். விஸ்கிக்கு முன் சாப்பிட்டால் அப்புறம் எல்லாமே வெந்நீர் மாதிரிதான் இருக்கும்.

பேச்சில் ஒரே ஒரு கவனம். விருந்துக்கு வந்த கறுப்பின நண்பரைத் திரும்பிப் பார்த்து "நீங்க சொல்லுங்களேன்" என்று கேட்காதீர்கள். அவர் சாப்பிட வந்திருக்கிறார், வகுப்பெடுக்க அல்ல. அவராகச் சொன்னால் கேளுங்கள். இன்னொன்று, நமக்குள் தமிழில் பேசும்போது அவர்களைக் குறிக்கச் சிலர் தாழ்ந்த குரலில் ஒரு சொல் சொல்வதுண்டு. புரியாது என்று நினைக்க வேண்டாம், குரல் தாழ்வதிலேயே புரிந்துவிடும். அப்படிப் பேசும் உறவினரைக் கூப்பிடாமல் இருப்பது நல்லது. நான் ஒருவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

கடைசியாக வாசல். எங்கள் வீட்டில் செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டூல் இருக்கிறது. அதில் அஞ்சலட்டை அளவில் ஒரு கட்டு வைத்துவிடுவேன். ஒரு பக்கம் அன்று ஊற்றிய மூன்று பாட்டில்களின் பெயரும் கிடைக்கும் கடையும், மறுபக்கம் சுவரில் இருக்கும் படத்தின் கலைஞர் பெயரும் அவரிடம் வாங்கும் வழியும். செருப்பு மாட்டக் குனிகிறவர்கள் எப்படியும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். போன அக்டோபரில் அந்தக் கலைஞரிடம் இரண்டு பேர் படம் வாங்கியிருக்கிறார்கள்.